பயறு முளைகட்டலாம் வாங்க: தண்ணீரைவிடக் காற்றுதான் முக்கியம்

ஒரு கைப்பிடி உலர்ந்த பயறு, நல்ல தண்ணீர், ஒரு பாத்திரம், ஒரு துணி. முளைகட்ட இவ்வளவுதான் வேண்டும். மண் வேண்டாம், உரம் வேண்டாம், வெயில்கூட வேண்டாம். பருவம் பார்க்கத் தேவையில்லை. இடம் என்று பார்த்தால் அடுப்படி மேடையில் ஒரு மூலை போதும். இருந்தும் முதன்முதலாகச் செய்து பார்க்கிற பலருக்குக் கடைசியில் கிடைப்பது புளித்த வாடையடிக்கிற, கொழகொழத்த ஒரு குவியல்தான். "சொன்னபடி தண்ணீரில்தானே போட்டு வைத்தேன்" என்பார்கள். தண்ணீரில் போட்டது சரி. ஊறி முடித்த பிறகும் தண்ணீரிலேயே கிடக்க விட்டதுதான் கோளாறு. முளைகட்டுவதில் ஈரத்துக்கு ஒரு கட்டம், காற்றுக்கு ஒரு கட்டம் என்று இரண்டு இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும்.

பயறுக்குள் என்ன இருக்கிறது?

இரவு ஊறிய ஒரு கொண்டைக்கடலையை எடுத்து, தோலை நகத்தால் கீறி உரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு தடித்த பாதிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இவைதான் விதையிலைகள். பெயர்தான் இலை, உண்மையில் சாப்பாட்டு மூட்டை: மாவுச்சத்தும் புரதமும் இதில்தான் அடைந்து கிடக்கின்றன. இரண்டையும் மெல்லப் பிளந்தால், ஓர் ஓரத்தில் சின்னக் கொக்கி மாதிரி ஒன்று வளைந்து ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதுதான் கரு, அதாவது வருங்காலச் செடி. கொக்கியின் கூர்மையான முனை முளைவேர். மறுமுனையில் மடிந்து கிடப்பது முளைக்குருத்து. கடலையின் மூக்கு என்று வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதே, அதற்குள் இருப்பது முளைவேர்தான். முளை எப்போதும் அந்த இடத்திலிருந்தே கிளம்புவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

உடைத்த பருப்பு ஏன் முளைப்பதில்லை என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது. இயந்திரத்தில் பருப்பை உடைக்கும்போது கரு சிதைந்துவிடுகிறது, அல்லது உதிர்ந்துபோகிறது. மிச்சமிருப்பது சாப்பாட்டு மூட்டை மட்டும். அதை எத்தனை நாள் ஊறப்போட்டாலும் ஊறும், புளிக்கும், முளைக்காது. எனவே முளைகட்ட எடுக்கும் எதுவும் முழுதாகவும் தோலோடும் இருக்க வேண்டும். வறுத்ததும் வேகவைத்து உலர்த்தியதும் உதவாது. சூட்டில் கரு செத்துப்போயிருக்கும்.

ஊறும்போது நடப்பது

உலர்ந்த பயறில் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்த வறட்சியில் உயிர் இயக்கம் கிட்டத்தட்ட நின்றுபோய்க் கிடக்கிறது. தண்ணீரில் போட்டதும் மாவுச்சத்தும் புரதமும் நீரை இழுத்துக்கொண்டு உப்புகின்றன. இதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் பெயர் உள்ளீர்த்தல். இது வெறும் இயற்பியல் நிகழ்வு. செத்த விதையும் இதே மாதிரி உப்பும். ஆகவே பயறு பருத்துவிட்டது என்பதை வைத்து அது முளைக்கும் என்று முடிவுகட்டிவிட முடியாது.

உயிருள்ள விதையில் இதற்கு அடுத்த கட்டம் தொடங்குகிறது. நீர் சேர்ந்ததும் நொதிகள் வேலையில் இறங்கி, மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைத்துக் கருவுக்கு அனுப்புகின்றன. அந்தச் சர்க்கரையை எரித்துத்தான் கரு வளர்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அப்படியென்றால் அந்த நேரத்திலிருந்து பயறு நம்மைப் போலவே மூச்சுவிடத் தொடங்கிவிடுகிறது. கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, சூட்டையும் வெளிவிடுகிறது. பெரிய குவியலாக முளைகட்டும்போது நடுவில் கைவிட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும்.

இந்த நிலையில் பயறைத் தண்ணீருக்குள் மூழ்கடித்து வைத்தால் மூச்சு முட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. பயறு அதைச் சீக்கிரமே தீர்த்துவிட்டு, ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையைச் சிதைக்கத் தொடங்கும். நுரை கட்டும், புளித்த வாடை வரும். அந்தச் சூழல் பாக்டீரியாக்களுக்கு வசதியானது. அவை பெருகப் பெருகப் பயறு அழுகத் தொடங்கும். முதல்முறை செய்பவர்களின் கொழகொழத்த குவியலுக்குப் பின்னால் இருக்கும் கதை பெரும்பாலும் இதுதான்.

செய்முறை

தொடக்கத்துக்குப் பச்சைப்பயறைவிட நல்லது வேறில்லை. சீக்கிரம் முளைக்கும், சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், பச்சையாகச் சாப்பிட்டாலும் வாய்க்கு இதமாக இருக்கும். முதல் தடவை கால் கப் போதும். முளைத்து வரும்போது அதுவே இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

பயறைத் தட்டில் பரப்பி, கல், உடைந்தவை, பூச்சி துளைத்தவை, சுருங்கியவை எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இதில் சோம்பல் கூடாது. உடைந்த பயறு முளைக்காமல் அழுகும், பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிவிட்டு, பயறின் அளவுக்கு நான்கு பங்கு குடிக்கிற தண்ணீர் ஊற்றி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது வசதி. கொளுத்துகிற வெயில் காலமென்றால் ஆறேழு மணி நேரமே போதும்.

ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடுமே என்று சிலர் தயங்குவார்கள். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் கொஞ்சமும், தோலின் அழுக்கும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். தாராளமாகக் கொட்டலாம். இந்தச் சமயத்தில் விரல்களால் ஒரு தடவை அளைந்து பாருங்கள். எல்லாம் பருத்து மிருதுவாகியிருக்க, இரண்டொன்று மட்டும் போட்டபோது இருந்த அளவிலேயே, நகம் இறங்காத கெட்டியோடு நிற்கும். தோல் தண்ணீரை உள்ளே விடாததால் வரும் நிலை இது. அவை அன்றைக்கு முளைக்கப் போவதில்லை. விட்டால் கடிக்கும்போது பல்லைப் பதம் பார்த்துவிடும்.

இனிமேல் காற்றின் கட்டம். பயறு ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அதன் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதை எந்தப் பாத்திரத்தில் செய்கிறோம் என்பது அவரவர் வசதி. துளையுள்ள வடிதட்டில் பரப்பி ஈரத்துணியால் மூடலாம். மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாக மூட்டை கட்டித் தொங்கவிடலாம். அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயில் வலைத்துணி கட்டி, மிச்சத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும்படி சாய்வாகக் கவிழ்த்தும் வைக்கலாம். அடுக்கடுக்கான முளைகட்டும் டப்பாக்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவருக்கு வடிதட்டுதான் சிறந்தது. உள்ளே நடப்பது கண்ணில் படும், தண்ணீர் தேங்க வழியே இல்லை, தேய்த்துக் கழுவுவதும் சுலபம். துணி மூட்டை நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் துணியைக் கொதிநீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத வீட்டில் மூன்றாவது தடவையே துணி வாடையடிக்கும்.

காலை, மாலை என நாளுக்கு இரண்டு தடவை பயறை அலசுங்கள். வெக்கையான நாளில் மூன்று தடவை. குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, கையால் மென்மையாகக் கிளறி, முழுவதுமாக வடியவிட்டு மறுபடி மூடி வையுங்கள். அலசுவது ஈரம் காயாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. பயறு வெளிவிட்ட சூடும் கழிவும் அதோடு போகின்றன, அடர்ந்து கிடக்கும் குவியல் கலைந்து புதுக்காற்று உள்ளே நுழைகிறது. அலசுவதை ஒரு வேளை மறந்தால் பயறு மன்னிக்கும். வடிப்பதில் அரைகுறையாக விட்டால் மன்னிக்காது.

20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள இடம் பொருத்தமானது. அதற்குக் கீழே போனால் முளைக்க நாளாகும், வேறு கெடுதல் இல்லை. அதற்கு மேலே வெகுவாக ஏறினால் முளையை முந்திக்கொண்டு அழுகல் வந்துவிடும். நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் முளை பச்சை பிடித்து, சுவை கொஞ்சம் கசப்பை நோக்கிப் போகும்.

எப்போது எடுப்பது?

பச்சைப்பயறில் ஊறிய அன்று மாலையே தோல் வெடித்து வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும். மறுநாள் முளை பயறின் நீளத்துக்கு வந்துவிடும். அந்தப் பதம்தான் எனக்குப் பிடித்தது. மொறுமொறுப்பும் மெல்லிய இனிப்பும் அப்போது சேர்ந்திருக்கும். இன்னும் ஒரு நாள் விட்டால் முளை இரு மடங்காகும், நீர்ச்சத்து கூடும், இனிப்பு குறையும். வேர் நீண்டு கிளை விடத் தொடங்கிவிட்டால் நார் தட்டும்.

சில சமயம் முளைவேரைச் சுற்றி வெள்ளையாய், பஞ்சு ஒட்டியது போல மெல்லிய மயிரிழைகள் தெரியும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயந்து அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அவை வேர்த்தூவிகள்; ஈரம் குறைந்த நேரத்தில் தண்ணீரைத் தேடி வேர் நீட்டுபவை. தண்ணீர் தெளித்ததும் வேரோடு படிந்து கண்ணுக்கு மறைந்துவிடும். வேரில் மட்டும், சீராக, எல்லா முளையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வேர்த்தூவிதான். பூஞ்சை அப்படி இருக்காது. சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ, பயறுக்குப் பயறு நூலாம்படை கட்டினாற்போல் திட்டுத்திட்டாகப் படரும். அலசினாலும் போகாது, மக்கல் வாடை வேறு. அதைக் கண்டால் முழுக் குவியலையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். கெட்டதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது சரிப்படாது.

எந்தப் பயறு எப்படி?

கொள்ளு, காராமணி, நரிப்பயறு எல்லாம் பச்சைப்பயறின் வழியிலேயே முளைக்கும். கொள்ளு கொஞ்சம் கெட்டி என்பதால் கூடுதல் நேரம் ஊற வேண்டும். தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு ஒன்றரை, இரண்டு நாளில் தயார். கொண்டைக்கடலை பெரியது, இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதில் கறுப்பு வகை தோல் தடித்தது, எளிதில் கெடாது. வெள்ளைக் கடலைக்குத் தோல் மெல்லியது, அலசலில் கவனம் குறைந்தால் சட்டென்று வாடையடிக்கும். வெந்தயத்திலும் முழு உளுந்திலும் வழவழப்பான பசை சுரக்கும். அவற்றை மற்றவற்றைவிட அதிகத் தடவை அலச வேண்டும். புதியவர்கள் இந்த இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பச்சைப்பயறு முளை வெள்ளைத் தண்டாக நீள்கிறது, கடலை முளையோ குட்டை வாலோடு நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் முளைக்கும் விதம். பச்சைப்பயறு தரைமேல் முளைக்கும் வகை. விதையிலைகளுக்குக் கீழே இருக்கும் தண்டு நீண்டு, அவற்றை மண்ணுக்கு வெளியே தூக்கிவிடும். கொண்டைக்கடலையிலும் மைசூர் பருப்பிலும் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், அந்தத் தண்டு நீளாது. ஆகவே கடலை முளை நீளவில்லையே என்று நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பச்சையாகத் தின்னக் கூடாதவை

ராஜ்மா எனப்படும் சிவப்பு கிட்னி பீன்ஸ் முளைகட்டினாலும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் (லெக்டின் வகை) மிக அதிகம். நான்கைந்து பச்சைக் கொட்டைகளே சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை. முளைகட்டுவதால் அது முழுதாக நீங்காது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும். மிதமான சூட்டில் மெல்ல வேகவைப்பது இன்னும் ஆபத்து. நச்சின் வீரியம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடலாம். சோயா, லைமா பீன்ஸ், மொச்சை ஆகியவற்றையும் முளைகட்டி வேகவைத்தே சாப்பிடுங்கள்.

விதைப்பதற்காக விற்கும் விதைகளையும் தொட வேண்டாம். பூஞ்சணக்கொல்லி பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருப்பது அதற்கான எச்சரிக்கை. உணவுக்கென்று விற்கப்படுவதையே எடுங்கள்.

சத்து கூடுகிறதா?

முளைகட்டினால் புரதம் பல மடங்காகிறது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அப்படி ஆவதில்லை. உலர்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. நன்றாக நீண்ட முளை 100 கிராமில் 3 கிராம்தான். மீதி இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது, கிட்டத்தட்ட 90 சதவீதம். விதைக்குள் இருந்ததைத்தான் கரு செலவழிக்கிறது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லையே.

உண்மையான லாபம் வேறு இடத்தில். உலர்ந்த பயறில் மிகச் சொற்பமாக இருக்கும் வைட்டமின் சி, முளைக்கும்போது புதிதாக உருவாகிறது. 1918இல், அந்த வைட்டமின் இன்னதென்று யாரும் பிரித்தெடுத்திராத காலத்தில், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) கண்ட செர்பிய வீரர்களுக்கு வில்ட்ஷயர் என்ற மருத்துவர் முளைகட்டிய பீன்ஸைக் கொடுத்து, எலுமிச்சைச் சாறு குடித்தவர்களோடு ஒப்பிட்டார். பீன்ஸ் எலுமிச்சைக்குச் சளைக்கவில்லை. காயும் பழமும் கிடைக்காத இடத்திலும் ஒரு மூட்டை உலர்ந்த பீன்ஸைச் சுமந்துபோக முடியும் என்பதால், அன்றைக்கு அது பெரிய விஷயம்.

இரண்டாவது லாபம் ஃபைட்டிக் அமிலம் குறைவது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் உறிஞ்சவிடாமல் பிடித்து வைப்பது இந்த அமிலம். முளைக்கும்போது ஃபைட்டேஸ் என்ற நொதி இதைச் சிதைக்கிறது. வாயுத் தொல்லைக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளையும் கரு தன் சாப்பாடாக்கிக்கொள்கிறது. அதனால் முளைகட்டியது செரிக்க எளிது. அதற்காக ஒரே வேளையில் ஒரு கிண்ணம் பச்சை முளையை அள்ளிப் போட்டால் வயிறு சும்மா இருக்காது. கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

கிருமி விஷயம்

இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முளைக்குத் தேவையான ஈரம், வெதுவெதுப்பு, சர்க்கரை ஆகிய எல்லாமே சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கும் பிடித்தவை. விதையின் தோலில் உள்ள நுண்ணிய விரிசலுக்குள் கிருமி ஒளிந்திருந்தால் கழுவினாலும் போகாது. முளைகட்டும் இரண்டு நாளில் அது கோடிக்கணக்காகப் பெருகிவிடும். பார்வையிலோ வாடையிலோ எதுவும் தெரியாது. 2011இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை நோயில் ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணை கடைசியில் வெந்தய முளைகளில் போய் நின்றது. கிருமி விதையிலேயே வரக்கூடும் என்பதால், வீட்டில் சுத்தமாகச் செய்தேன் என்பது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது.

சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் பச்சை முளையைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. அவர்களுக்கு உள்ளே வரை சூடேறும்படி நன்றாக வேகவைத்துக் கொடுத்தால் கவலையில்லை. வைட்டமின் சியில் ஒரு பகுதி குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் பச்சையாகச் சாப்பிடுவதென்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுவது, பாத்திரத்தைக் கொதிநீரில் அலசுவது, முளைத்ததும் தாமதிக்காமல் குளிரில் வைப்பது ஆகிய மூன்றையும் விடாமல் செய்யுங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் முளைகளைத் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். உலர்ந்த முளை மூன்று நாலு நாள் மொறுமொறுப்பு மாறாமல் இருக்கும், சொட்டச் சொட்ட வைத்தது மறுநாளே வழவழக்கும். 5 டிகிரிக்குக் கீழே முளையின் வளர்ச்சியும் கிருமியின் பெருக்கமும் மந்தமாகும், முழுதாக நின்றுவிடாது. பழுப்பேறினாலோ வாடை மாறினாலோ குப்பைக்குத்தான்.

குட்டை முளை கைவந்த பிறகு, நீளமான, வெள்ளைவெளேரென்ற தடித்த முளையை முயலலாம். அதற்கு நான்கைந்து நாள் முழு இருட்டும் மேலே ஒரு பாரமும் வேண்டும். அடியில் துளையிட்ட பாத்திரத்தில் பச்சைப்பயறை ஓரிரு அடுக்காகப் பரப்பி, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் ஒரு தட்டையும் தண்ணீர் நிரப்பிய சிறு பாத்திரத்தையும் வையுங்கள். பாரம் அழுத்தும்போது முளைகள் எத்திலீன் என்ற வாயுவைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அது தண்டை நெடுநெடுவென்று ஓடவிடாமல் தடிக்க வைக்கும். அலசுவதற்கு மட்டும் திறந்து, துணியோடு சேர்த்து மேலிருந்து தண்ணீரை ஊற்றி வடியவிடுங்கள். உள்ளே கைவிட்டுக் கிளறினால் நேராக நிற்கும் தண்டுகள் ஒடிந்து, ஒடிந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும்.